பழைய பியூக் லெசேபர் காரைத் தானமாகக் கொடுக்க வழி சொல்லுங்கள்

டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். எங்களிடம் 2004 பியூக் லெசேபர் ஒன்று இருக்கிறது. 1,60,000 மைல் ஓடியும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும். பின் பம்பரில் மட்டும் ஒரு நசுங்கல். முன்சீட்டும் பெஞ்சு மாதிரி நீளம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஆறு பேரும் இதில்தான் கோயிலுக்குப் போவோம். டேஷ்போர்டில் அம்மா ஒட்டிய சின்னப் பிள்ளையாரை எடுக்க இன்னும் மனசு வரவில்லை.

விற்க விருப்பமில்லை. வேலைக்குப் போக வண்டியில்லாமல் தவிக்கும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஊரில் கார் இல்லையென்றால் கையைக் கட்டிப்போட்ட மாதிரிதானே. ஆனால் பல அமைப்புகள் வண்டியை வாங்கி நேரே ஏலத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஏலத்தில் 500 டாலருக்கு மேல் போனால், போன தொகைக்குத்தான் வரிக்கழிவு. இல்லாதவர்களுக்கே வண்டியைக் கொடுத்தால் சந்தை மதிப்புக்குக் கழிவு உண்டு, வண்டியை வாங்கும் அமைப்பு 1098-சி என்ற வரிப் படிவத்தில் அதைக் குறித்துத் தரும். எனக்கு வரியைவிட வண்டி யார் கைக்குப் போகிறது என்பதுதான் முக்கியம்.

அப்படி நேரடியாகக் கொடுக்கும் உள்ளூர் அமைப்பு ஏதாவது தெரியுமா? டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் ஒருவர். எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.