குரி மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரி: எங்கள் அனுபவம்

ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேருக்குக் குழுவாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சம் மணல்மேட்டுக்குத்தான் போவார்கள். நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மாலையானால் ஜீப்பும் பாட்டும் ஒட்டக வரிசையுமாக ஒரே கூட்டம். எங்களோடு வயதானவர்களும் வந்ததால் தென்மேற்கே உள்ள குரி கிராமத்துக்குப் போனோம். அங்கே யாரும் அவசரப்படுத்தவில்லை. யார் கேட்டாலும் குரியைத்தான் சொல்வேன்.

எல்லோரும் பயப்படுவது ஏறும்போதுதான். ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். நாம் முன்னால் சரிவோம். அப்போது நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து, சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னங்கால்களும் எழுந்துவிட்டால் சமமாகிவிடும். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும், அப்போதும் பின்னுக்குத்தான் சாய வேண்டும். எங்கள் ஒட்டகக்காரர் இதையெல்லாம் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார். "நான் கீழேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்ற என் பெரியம்மா, ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடந்து வருவார் என்று தெரிந்ததும் ஏறிவிட்டார். அப்புறம் அவருக்கு இறங்கவே மனசில்லை!

ஒட்டகம் ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் சேர்த்தே எடுத்துவைக்கும். அதனால் உடம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். விறைப்பாக உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். இடுப்பைத் தளரவிட்டு அதன் போக்கிலேயே ஆட வேண்டும். தொடை உரசாமல் இருக்கத் தளர்வான முழுக்கால் சட்டை நல்லது.

வழியில் வன்னி மரத்தைக் கண்டால் ஒட்டகம் நின்று தழையைக் கடிக்கும். ஒட்டகக்காரர் இழுக்கவே மாட்டார், தின்று முடிக்கட்டும் என்று நிற்பார். அவருடைய அப்பா காலத்தில் ஒட்டகத்தை வைத்துத்தான் உழுதார்களாம், வண்டி ஓட்டினார்களாம். இப்போது டிராக்டர் வந்துவிட்டது, மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. 2014-ல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. ஆனாலும் 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 4 லட்சமாக இருந்தவை 2019-ல் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன. எனக்கு இது நிஜமாகவே வருத்தம்.

அதனால் குழுவாகப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏறுவதற்கு முன் ஒட்டகத்தின் மூக்கிலும் சேணத்துக்கு அடியிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள். கட்டணத்தில் ஒட்டகக்காரருக்கு எவ்வளவு போகும் என்று பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். அன்பளிப்பை ஏஜெண்டிடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். கோடையில் சவாரி வருமானம் இருக்காது, ஆனால் ஒட்டகத்துக்குத் தீவனம் போட்டுத்தானே ஆக வேண்டும்.