ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்: முத்துவின் பிரிண்டர்

*ஞாயிறு*

முத்து, காலை 9:14
எல்லாருக்கும் ஒரு சேதி. சீட்டு எடுத்துட்டேன், 40,000 கையில வந்துருக்கு. முன்னறையில போட்டோ பிரிண்டர் போடலாம்னு இருக்கேன். அவுககிட்ட சொன்னேன், சரின்னுட்டாக.

சாந்தி சித்தி, 9:16
நல்லது முத்து. எங்க எல்லாருக்கும் ஓசியில போட்டுக் குடுப்பியா 😂

ராஜி மதினி, 9:20
இப்ப யாரு போட்டோ அடிக்கா? எல்லாம் போன்லயே கிடக்கு.

கார்த்தி, 9:21
அக்கா, மக் பிரிண்டிங்கும் சேர்த்துப் போடு. காலேஜ்ல செம ஓட்டம்.

கணேசன் அண்ணன், 9:33
மக்குக்கு சூட்டுல ஒட்டுற சப்ளிமேஷன் மை வேணும், அதுக்கு வேற பிரிண்டர், சூடு வச்சு அழுத்துற ஹீட் பிரஸ். முதல்லயே அதுல கால வைக்காத. எந்த மாடல் பார்த்துருக்க?

முத்து, 9:36
ரெண்டு இருக்குண்ணே. ஒண்ணு கேனான் செல்ஃபி, கைக்கு அடக்கமா இருக்கு, படம் தண்ணி பட்டாலும் அழியாது. இன்னொண்ணு எப்சன் எல்8050, ஆறு கலர் டேங்க்.

கணேசன் அண்ணன், 9:41
செல்ஃபி வீட்டு உபயோகத்துக்கு ஆகும். தாளும் ரிப்பனும் சேர்த்தே வாங்கணும், ஒரு படத்துக்கே 20 ரூபாய்க்கு மேல போயிரும். டேங்க்ல 4க்கு 6 இஞ்சு தாள் நாலு ரூபா, மை ரெண்டு ரூபான்னு வையி.

முத்து, 9:43
அந்தத் தாள்ல பாஸ்போர்ட் சைஸ் எட்டு நிக்குதுண்ணே. 35 மில்லி வீதம் நாலு, 140. உயரம் 45 வீதம் ரெண்டு, 90. தாளே 152க்கு 102. அளவுகோல் வச்சுப் பார்த்துட்டேன்.

பெரியப்பா (ஸ்டுடியோ), 10:02
🎤 குரல் பதிவு 1:48
(கார்த்தி எழுத்துல போட்டது: "ஏட்டி முத்து, இருபத்தெட்டு வருஷம் ஸ்டுடியோ நடத்துனவன் சொல்லுதேன். ஞாபகத்துக்குப் படம் போடுறவன நம்பிக் கடை வைக்காத. அவன் அடுத்த வாரம் அடுத்த வாரம்பான். அவசரத்துல வாரவன்தான் காசு குடுப்பான். நாளைக்கு அட்மிஷன்னு ஒருத்தன் வருவான். இல்லன்னா துக்க வீட்டுல இருந்து வருவாங்க. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவத் தட்டுவாங்க, விடியுமுன்ன சட்டம் போட்ட படம் வேணும்பாங்க. திறக்க முடியும்னா தொழில் பண்ணு.")

ராஜி மதினி, 10:05
மாமா சொல்றது உண்மைதான். எங்க அப்பாவுக்கு நாங்களும் அப்படித்தான் அலைஞ்சோம்.

முத்து, 10:09
பெரியப்பா, துக்க வீட்டுக்கு என்ன சைஸ் கேப்பாங்க?

பெரியப்பா (ஸ்டுடியோ), 10:15
12க்கு 18 தான் கேப்பாங்க

கணேசன் அண்ணன், 10:18
அது ஏ4 பிரிண்டர்ல வராது. ஏ4 நீளம் 297 மில்லி, 12 இஞ்சே 305. ஆக 8க்கு 10 வரைதான். பெருசுக்கு ஏ3யவிடப் பெரிய ஏ3+ மிஷின் வேணும், சீட்டுப் பணம் பத்தாது.

முத்து, 10:20
பெருச இப்போதைக்கு திருநெல்வேலி லேப்ல போட்டு வாங்கிக்கிடுதேன். 8க்கு 10 உடனே குடுக்கலாம்ல.

கார்த்தி, 10:31
அக்கா, ஆதார பிளாஸ்டிக் கார்டுல அடிச்சுக் குடுத்தா? பஸ் ஸ்டாண்டுல அடிக்காங்க.

கணேசன் அண்ணன், 10:33
வேண்டாம்டா. வெளிக்கடையில பிவிசி ஆதார் அடிக்க வேண்டாம்னு ஆதார் ஆணையமே 2022ல சொல்லிட்டு. அடுத்தவங்க ஆதார் நம்ம கம்ப்யூட்டர்ல கிடக்கவே கூடாது. போட்டோவும் அப்படித்தான் முத்து, குடுத்ததும் அழிச்சிரு.

கணேசன் அண்ணன், 10:35
சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு மட்டும் பண்ணிரு. ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும், காசு கிடையாது. யாராவது காசு கேட்டா அது போலித் தளம். ஜிஎஸ்டி நம்மள மாதிரி ஆளுக்கு இப்ப வராது, வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டணும்.

சாந்தி சித்தி, 10:36
20 லட்சமா!! முத்து தாண்டட்டும் 🙏

*அடுத்த வியாழன்*

முத்து, மாலை 6:50
மிஷின் வந்துட்டு. மை ஊத்தும்போது கை நடுங்குச்சு. முதல் படம் நம்ம ஆச்சி. ஆனா முகமெல்லாம் கறுத்துப் போச்சு, தலையில கொஞ்சம் வெட்டுப்பட்டுட்டு.

பெரியப்பா (ஸ்டுடியோ), 7:04
போன்ல வெளிச்சத்த ஏத்தி வச்சுப் பார்த்துருப்ப. போன் உள்ள இருந்து ஒளி விடும், தாள் விடாது. பக்கத்துல சோதனத் தாள வச்சுக்கிட்டு ஏத்து

கணேசன் அண்ணன், 7:10
தல வெட்டுறது அளவு வித்தியாசம். போன் படம் 4க்கு 3, நீ அடிக்கிறது 6க்கு 4. மேல கீழ எதையாவது விட்டாகணும். வெட்டுறத மிஷின் கையில விடாத, நீயே வெட்டு.

பெரியப்பா (ஸ்டுடியோ), 7:12
ஆர்டர் இல்லன்னாலும் வாரம் ரெண்டு கலர் பக்கம் அடி. மை தெளிக்கிற ஹெட் காஞ்சா சோலி முடிஞ்சுது

சாந்தி சித்தி, 8:25
📷 படம்
முத்து, சித்தப்பாவுக்கு வருஷத் திதி வருது. இதுல அவுக முகத்த மட்டும் எடுத்து 8க்கு 10 போட முடியுமா? ராஜி கல்யாணத்துல எடுத்தது.

முத்து, 8:40
சித்தி, இது வாட்ஸ்அப்ல நாலு கை மாறி வந்துருக்கு. முழுப் படமே 1600 புள்ளிதான், அதுல முகம் இத்தினிக்கூண்டு. இஞ்சுக்கு 300 புள்ளி வேணும், இழுத்தா பஞ்சு மாதிரி ஆயிரும். மதினி, ஒரிஜினல் இருக்கா?

ராஜி மதினி, 8:52
ஆல்பத்தோட குடுத்த பென் டிரைவ்ல இருக்கும். தேடுறேன்.

முத்து, 8:53
டாக்குமெண்டா அனுப்புங்க மதினி, போட்டோவா வேண்டாம்.

பெரியப்பா (ஸ்டுடியோ), 9:30
தம்பி படம் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. 1985ல பாலிடெக்னிக் சேரும்போது நானே எடுத்தது. ஊட்டியில செஞ்ச 'இந்து' பிராண்ட் பிலிம். நெகட்டிவ் டிரங்குப் பெட்டியில கிடக்கு

கார்த்தி, 9:31
பெரியப்பா நெஜமாவா? நாளைக்கே வாரேன்.

*வெள்ளி*

கார்த்தி, பகல் 1:15
அக்கா, லேப்டாப்ல வெள்ளைப் பக்கம் திறந்து, நெகட்டிவ ரெண்டு விரல் உயரத்துல தூக்கி வச்சு எடுத்தேன். ஸ்கிரீன்ல ஒட்டி வச்சா அதோட புள்ளியும் விழுது. கருப்ப வெள்ளையா மாத்திட்டேன். டாக்குமெண்ட் அனுப்பிருக்கேன்.

ராஜி மதினி, 1:22
அய்யோ, அப்படியே கார்த்தி!

கார்த்தி, 1:23
ம்

சாந்தி சித்தி, 1:40
மீசையே இல்ல. இது என்னையக் கட்டுறதுக்கு முந்தி. அத்தான், இத ஏன் இத்தன வருஷம் காட்டல?

பெரியப்பா (ஸ்டுடியோ), 1:58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா (ஸ்டுடியோ), 2:01
யாரும் கேக்கலம்மா

முத்து, இரவு 8:10
📷 படம்
சித்தி, திதிக்கு மதினி அனுப்புன கல்யாணப் படம் 8க்கு 10 ரெடி, தோள்ல இருந்த மாமா கைய அழிச்சாச்சு. மீசை இல்லாதது எட்டு போட்டுருக்கேன். பர்சுல ஒண்ணு வச்சுக்கோங்க.

சாந்தி சித்தி, 8:14
எவ்வளவு முத்து?

முத்து, 8:14
சித்தி உங்ககிட்டப் போயி

பெரியப்பா (ஸ்டுடியோ), 8:15
எட்டுக்குப் பத்து 120. பாஸ்போர்ட் 50. வாங்கு

சாந்தி சித்தி, 8:19
அத்தான் சொல்லியாச்சு. கார்த்திகிட்ட குடுத்து விடுறேன்.

கார்த்தி, 8:20
நெகட்டிவ் எடுத்தவனுக்கு?

முத்து, 8:21
அந்த எட்டுல ஒண்ணு உனக்குடா.