மின்சாரம் விட்டுத் துருப்பிடிக்க வைத்த பீம்கள்: முடிவுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

துருப்பிடித்தவன் எழுதியது:

கட்டமைப்புப் பொறியியலில் பிஎச்.டி., மூன்றாம் வருடம். குளோரைடால் கம்பி அரித்துப்போன கான்கிரீட் பீம் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் என் தலைப்பு. தானாகத் துருப்பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் என் பேரன்தான் வைவாவுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் செய்கிற மாதிரி நானும் மின்சாரம் விட்டேன்.

விவரம் இதுதான். ஒவ்வொரு பீமிலும் அடியில் 16 மி.மீ. கம்பி இரண்டு. நடுவில் 300 மி.மீ. நீளம் மட்டும் அரிக்க வேண்டும், மீதிக்கு எபாக்ஸி பூசிவிட்டேன். ஸ்டிரப்புகளுக்கு (முதன்மைக் கம்பிகளைச் சுற்றி வளைத்துக் கட்டும் மெல்லிய கம்பிகள்) டேப் சுற்றியாயிற்று. பீம் 5 சதவீத உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது, அடியில், மின்சாரத்தின் மறுமுனையாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. சதுர செ.மீ.க்கு 200 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் கம்பிக்கு 30 மில்லிஆம்பியர், பீமுக்கு 60. அந்த 300 மி.மீ. துண்டின் எடை 474 கிராம், அதில் 10 சதவீதம் கரைய ஃபாரடே விதிப்படி (ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப இரும்பு கரையும் என்ற விதி) 63 நாள். நான்கு பீமையும் ஒரே பவர் சப்ளையில் மாட்டி, 240 மில்லிஆம்பியர் வைத்து, 63 நாள் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்துக் குறித்தேன். ஒரு நாள்கூட 240 மாறவில்லை.

பிறகு வளைத்து உடைத்து, கம்பியை வெளியே எடுத்து, அமிலத்தில் சுத்தம் செய்து நிறுத்தால் எடையிழப்பு 5.8, 8.1, 9.4, 15.2 சதவீதம். நான்குமே 10 ஆக வந்திருக்க வேண்டியவை! இதில் 8.1 சதவீதம் இழந்த பீம், 9.4 இழந்ததைவிடக் குறைந்த பாரத்தில் உடைந்தது. வரைபடம் பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது.

போன வாரம் கமிட்டி கூட்டம். ஒரு பேராசிரியர் இரண்டு ஸ்லைடு பார்த்துவிட்டு, “இது அரிமானமே இல்லையே, மின்னாற்பகுப்பு” என்றார். கைடு ஒன்றும் பேசவில்லை. இன்னும் 12 பீம் வார்த்து வைத்திருக்கிறேன். அவற்றிலும் இதையே செய்யலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைப்பையே மாற்றிவிடலாமா?

---

ஈரக்கம்பி எழுதியது:

தலைப்பை மாற்றும் முன் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 5.8, 8.1, 9.4, 15.2. மொத்தம் 38.5. உங்கள் குறி 40. அதாவது மின்சாரம் எங்கும் ஓடிப்போகவில்லை, ஃபாரடேயும் பொய் சொல்லவில்லை. நான்கு பேருக்குச் சமமாகப் போக வேண்டிய சாப்பாட்டை ஒருவர் அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நான்கு பீமையும் பக்க இணைப்பில் மாட்டினீர்களா, தொடர் இணைப்பிலா?

---

துருப்பிடித்தவன் எழுதியது:

பக்க இணைப்பு. எல்லாக் கம்பிக்கும் ஒரே சிவப்பு வயர், எல்லா வலைக்கும் ஒரே கறுப்பு வயர். மீட்டர் சரியாக 240 காட்டியதே?

---

ஈரக்கம்பி எழுதியது:

நினைத்தேன். மீட்டர் காட்டியது மொத்தத்தை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. பக்க இணைப்பில் மின்தடை குறைந்த பீமுக்குத்தான் அதிக மின்சாரம் போகும். முதல் பத்து நாள் நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்திருக்கும். அப்புறம் ஒரு பீமில் முதலில் விரிசல் விழும். விரிசலில் உப்புத் தண்ணீர் இறங்கும், தடை குறையும், மின்சாரம் அதிகமாகும், விரிசல் இன்னும் அகலும். உங்கள் 15.2 அப்படி வந்ததுதான். அது இழுத்துக்கொண்டது போக மிச்சம்தான் 5.8க்குக் கிடைத்தது. நானும் முதல் தொகுதியில் இதையே செய்தேன். 6 பீம், 4 மாதம். கண்டுபிடித்த அன்று லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் உங்கள் முடிவுகள் வீண் இல்லை. கிடைமட்ட அச்சில் நீங்கள் போட வேண்டியது ஃபாரடே சொன்ன 10 அல்ல, தராசு சொன்ன எண். ஒரே இடத்தில் நான்கு புள்ளிகளுக்குப் பதிலாக 5.8இலிருந்து 15.2 வரை பரவிய நான்கு புள்ளிகள் கிடைத்திருக்கின்றன. வேண்டுமென்றே திட்டமிட்டிருந்தால்கூட இப்படித்தான் பரப்பியிருப்பீர்கள். (வைவாவில் இதைச் சிரிக்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.)

8.1, 9.4 குழப்பத்துக்கு வருகிறேன். எடையிழப்பு என்பது 300 மி.மீ. நீளத்துக்கும் சேர்த்த சராசரி. கம்பி சராசரியில் அறுவதில்லை, மிக மெலிந்த இடத்தில்தான் அறுகிறது. குளோரைடு அரிமானத்தில் குழி விழும். இயற்கையாக அரித்த கம்பிகளில் ஆழமான குழி, சராசரி ஆழத்தைப் போல 4 முதல் 8 மடங்கு வரை இருக்கும் என்று 1995இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த 8.1 கம்பியை எடுத்து 10 மி.மீ.க்கு ஒரு தடவை வெர்னியர் வைத்துப் பாருங்கள். முப்பரிமாண ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வலை பீமுக்கு அடியில் இருப்பதால் கம்பியின் கீழ்ப்பாதிதான் அதிகம் தின்னப்பட்டிருக்கும். ஒரு திசையில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டு சின்னக் கேள்விகள். வார்ப்பதற்கு முன் கம்பிகளை நிறுத்தீர்களா, இல்லை மீட்டருக்கு 1.58 கிலோ என்ற அட்டவணை எடையா? அமிலத்தில் போடும்போது துருப்பிடிக்காத துண்டு ஒன்றையும் கூடவே போட்டீர்களா? நல்ல இரும்பையும் அமிலம் கொஞ்சம் தின்னும், அதைக் கழிக்க வேண்டும்.

அந்தப் பேராசிரியர் விஷயம். அவர் சொன்னதில் பாதி சரி. கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், பி.எச். 12.5க்கு மேல். அதில் கம்பிமேல் ஒரு காப்புப் படலம் இருக்கும். குளோரைடு உள்ளே வந்து அதை உடைக்கவே பல வருடம் ஆகலாம். நாம் மின்சாரத்தால் அந்தக் கட்டத்தையே தாண்டிக் குதிக்கிறோம். நிஜத்தில் அரிக்கும் வேகம் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஆம்பியர் என்று வைத்தால், உங்கள் 63 நாள் வேலைக்கு 34 வருடம் ஆகும். மூழ்கிய பீமில் ஆக்சிஜனும் போதாது. கரும்பச்சையாக ஒரு திரவம் விரிசல் வழியாக ஒழுகியிருக்குமே? அது வெளியே போய்விட்டால் உள்ளே நெருக்காது. காற்றுப்பட்டு உண்டாகும் பழுப்புத் துருதான் இரும்பின் கன அளவைப் போல 2 முதல் 6 மடங்கு உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால் “இத்தனை நாளில் விரிசல் வரும்” என்ற வாக்கியம் உங்கள் ஆய்வேட்டில் எங்கேயும் வரக்கூடாது. “குறுக்குவெட்டு இவ்வளவு குறைந்தால் தாங்குதிறன் இவ்வளவு குறையும்” என்று எழுதலாம். அதற்கு மின்சாரத்தால் கரைந்ததா தானாகக் கரைந்ததா என்பது அவ்வளவு முக்கியமில்லை, குழியின் வடிவத்தைக் காட்டினால் போதும்.

மிச்சமுள்ள 12இல் இரண்டையாவது மின்சாரம் இல்லாமல், உப்புத் தண்ணீரில் நனைத்தும் உலர்த்தியும் விட்டுவிடுங்கள். நான் மூன்று பீமை 18 மாதம் அப்படி வைத்தேன். ஒன்றில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் மற்ற இரண்டின் கம்பிப் படங்களை மின்சாரம் விட்ட கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

---

பாலம்பார்ப்பவன் எழுதியது:

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, பாலங்களைப் பரிசோதிக்கிற வேலை. ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. ஸ்டிரப்புக்கு டேப் சுற்றியிருக்கிறீர்கள். எந்தப் பாலத்திலும் டேப் சுற்றிய ஸ்டிரப்பை நான் பார்த்ததில்லை. ஸ்டிரப் வெளியே இருக்கிறது, கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) அதற்குத்தான் குறைவு, முதலில் அரிப்பதும் அதுதான். நான் சுத்தியலால் தட்டி, உப்பிய கான்கிரீட்டைப் பெயர்த்தால் முதலில் கையோடு வருவது ஸ்டிரப்பின் கீழ் மூலை. சில சமயம் அந்த மூலையே இருக்காது. முதன்மைக் கம்பி ஓரளவு நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் ஆய்வைப் படித்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்து, “கம்பி 10 சதவீதம்தான் போயிருக்கிறது, பீம் தாங்கும்” என்றால் எனக்குப் பயமாக இருக்கும். வளைவில் தாங்கும், சரி. ஸ்டிரப் தாங்க வேண்டிய, பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டுவிசையில்?

---

துருப்பிடித்தவன் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று நாளாகக் கம்பிகளோடுதான் குடித்தனம்.

அக்கா, வார்க்கும் முன் ஒவ்வொரு கம்பியையும் நிறுத்திருக்கிறேன். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் போல. நல்ல துண்டை அமிலத்தில் போடவில்லை. நேற்றுப் போட்டேன், இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. 8.1 கம்பிகளில் ஒன்றில், நடுவிலிருந்து 40 மி.மீ. தள்ளி, அடிப்பக்கம் ஒரு குழி. கட்டுக்கம்பி இருந்த இடம். அங்கே மிச்ச விட்டம் ஒரு திசையில் 13.1, குறுக்கே 15.6. மற்ற இடங்களில் 15க்குக் குறையவே இல்லை. 9.4 கம்பி இரண்டும் ஒரே சீராக மெலிந்திருக்கின்றன. மிகச் சிறிய குறுக்குவெட்டை வைத்து மறுபடி புள்ளி வைத்தேன். நான்கும் வரிசையில் நிற்கின்றன. நான்கு புள்ளிதான், ரொம்பக் குதிக்கக்கூடாது என்று தெரியும்.

பக்க இணைப்பு விஷயத்தை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று, பழைய தொட்டியில் வெறுமனே கிடந்த, கம்பி எடுக்காத வேறு நான்கு உடைந்த பீம்களை அதே மாதிரி மாட்டி, ஒவ்வொரு கிளையிலும் மீட்டர் வைத்தேன். ஒன்றில் 28, இன்னொன்றில் 105. மொத்தம் அதே 240.

பாலம்பார்ப்பவன் சார், நீங்கள் சொன்னதைக் கைடிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “நாலு பீமில் டேப்பைப் பிரி” என்றார். பீம் ஏற்கெனவே வார்த்தாயிற்று சார் என்றேன். “அப்படியானால் புதிதாக நாலு வார்” என்றார்.

இப்போதைய திட்டம்: இருக்கிற 12இல் 8க்கு மின்சாரம், 4க்கு நனைத்து உலர்த்துவது. புதிய 4இல் ஸ்டிரப்பும் அரிக்கும், அவற்றை வெட்டுவிசையில் உடைப்பேன். 8ஐயும் தொடர் இணைப்பில் மாட்டினேன், ஆனால் பவர் சப்ளை 30 வோல்ட்டில் முட்டிக்கொண்டு 60 மில்லிஆம்பியருக்கு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

---

ஈரக்கம்பி எழுதியது:

தொடர் இணைப்பில் ஒவ்வொரு பீமின் வோல்ட்டும் கூடிக்கொண்டே போகும், 8க்கு 30 போதாது. நான்கு நான்காகப் பிரித்து இரண்டு சப்ளை வையுங்கள். ஒவ்வொரு பீமும் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். ஒரே தொட்டியில் போட்டால் தண்ணீர் வழியாகவே மறுபடி பக்க இணைப்பாகிவிடும். ஒரு பீமுக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளும் பக்க இணைப்புதான் என்பதை மறக்காதீர்கள், அவற்றுக்குத் தனித்தனி வயர் வெளியே எடுத்து அளந்து குறியுங்கள். வயர் இணைப்புகளில் சிலிக்கோன் பூசுங்கள், இல்லாவிட்டால் கம்பிக்கு முன்னால் கிளிப் துருப்பிடிக்கும்.

8.1இன் குழியைப் படம் எடுத்தீர்களா? அந்தக் கம்பியை யாரும் பழைய இரும்போடு தூக்கிப் போட்டுவிடாமல் உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.