பழைய குதிரை லோரிக்குத் தரைப்பலகை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். குதிரை ஏற்றுவதற்கென்று பாடி கட்டிய பழைய பெட்ஃபோர்ட் டிகே லோரி ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் வண்டியாக மாற்றி வருகிறோம். அப்பா தோட்டத்தில் பெட்ஃபோர்ட் ஓட்டியவர். டிகே-க்கு எஞ்சின் கேபினுக்குப் பின்னால் இருக்கும், பக்கத்து மூடியைத் திறந்தே வேலை பார்க்கலாம் என்று காட்டும்போது அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

எஞ்சின் பரவாயில்லை. தரைதான் கவலை. ரப்பர் விரிப்பை உரித்தால் கீழே பலகை முழுக்க உளுத்துக் கிடக்கிறது. பல வருஷக் குதிரை மூத்திரம் ஊறி, இரும்புக் குறுக்குச் சட்டங்களையும் தின்றிருக்கிறது. அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி. கடற்காற்று வேறு.

கெருயிங் பலகை போடச் சொல்கிறார் தச்சர். லோரித் தரைக்கு வழக்கமான மரம்தான். செங்கால் மரம் இன்னும் உறுதி, ஆனால் கனம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுவதுதான் முதல் பயணம் என்பதால் ஒவ்வொரு கிலோவையும் யோசிக்கிறேன். மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) போட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மில்லிமீட்டர் போட்டீர்கள்?

பின்பக்கச் சாய்கதவை மட்டும் வெட்ட மாட்டேன். இறக்கினால் திண்ணை மாதிரி இருக்கிறது, அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம், லோரியை இப்படி மாற்றி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை எல்லாம் முடித்தவர்கள், எதை முதலில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறை பக்கம் டிரம் பிரேக்குக்கு லைனிங் ஒட்டித் தரும் நல்ல பட்டறை தெரிந்தாலும் எழுதுங்கள். அடுத்த வாரம் பலகை வாங்கப் போகிறேன்.