புதுப்பிப்பு: தாத்தாவின் கேசட் பேசிவிட்டது

தாத்தாவின் குரல் இருக்கும் ஒரே கேசட்டின் நாடா அறுந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நாடா பிழைத்துக்கொண்டது. சாதாரண செல்லோடேப் போட்டால் பசை கசிந்து அடுத்த சுற்றையும் கெடுக்கும், அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாதான் வேண்டும் என்று எச்சரித்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஒட்டிய கையோடு கணினியில் ஏற்றி, சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்பாக இரண்டு இடங்களில் வைத்துவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். நாக்கை நீட்டச் சொன்ன டாக்டரிடம், "ஏற்கெனவே நீளம் என்றுதான் வீட்டில் புகார்" என்று தாத்தா சொன்ன கதை முழுதாக இருக்கிறது! கதை முடிவதற்கு ஓரிரு விநாடிகள் முன்பே அவர் சிரிப்பு மெலிதாகக் கேட்கிறது. பேய் வேலை இல்லை. நெடுநாள் சுற்றியே கிடக்கும் நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் படியுமாம். தாத்தாவும் நேரில் அப்படித்தான், சொல்லி முடிக்கும்முன் சிரித்துவிடுவார்.

பிறகு சிறுவனாக நான் ஒரு ஜோக்கைத் தலைகீழாகச் சொல்லிக் கெடுக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை, அவர் மட்டும் இருமல் வரும்வரை சிரிக்கிறார். அந்த இருமலை நீக்கிவிடலாமா என்று அக்கா கேட்டாள். மாட்டேன் என்றேன்.

பாட்டிக்கும் போட்டுக் காட்டினோம். "பொய். அந்த டாக்டர் சிரிக்கவே இல்லை" என்றாள்.