மறு: வேக்கம் மோட்டார் ‘சீரிஸ்’ – தொடரிணைப்பு வேண்டாம், அடுக்கிணைப்புன்னு வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம், கார்ப்பெட் கிளீனிங் மெஷின்ல வேக்கம் மோட்டாரை (காத்தை உறிஞ்சுற மோட்டார்) இணைக்கற விதத்துக்குத் தமிழ்ச்சொல் தேடறோம்ல, அதுல வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> சீரிஸுக்கு தொடரிணைப்பு, பேரலலுக்கு பக்க இணைப்புன்னு பாடநூல்லயே சொல் இருக்கே, புதுசா எதுக்கு?

இருக்குங்க. ஆனா அது கரண்ட் போற வழிக்கு உள்ள சொல். நாம இப்ப பேசறது காத்து போற வழி. கார்ப்பெட் கிளீனிங் மெஷின்ல (தண்ணி அடிச்சுக் கழுவி அதைத் திரும்ப உறிஞ்சுற மெஷின்) ரெண்டு வேக்கம் மோட்டார் ‘சீரிஸ்’னு சொன்னா, முதல் மோட்டார் வெளிய தள்ளுற காத்தை ரெண்டாவது மோட்டார் உள்ள இழுக்குதுன்னு அர்த்தம். வயரிங் பக்கம் பாத்தா ரெண்டுக்குமே அமெரிக்க வீட்டுக் கரண்ட் முழு 120 வோல்ட் போகும், அதாவது காத்துல சீரிஸ், கரண்ட்ல பேரலல். ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சா வேலை செய்யறவன் என்ன பண்ணுவான்?

என்ன பண்ணினான்னு நேர்லயே பாத்துட்டேன். டல்லாஸ்ல என் மச்சான் இந்தத் தொழில் பண்றார். அவர்கிட்ட புதுசா சேர்ந்த நம்ம ஊர்ப் பையனுக்காக குறிப்பு ஒண்ணு தமிழ்ல எழுதிக் கொடுத்தேன், அதுல தொடரிணைப்புன்னே போட்டிருந்தேன். பையன் ஐடிஐல எலக்ட்ரிக்கல் படிச்சவன், படிச்சபடியே வயரைக் கோத்துட்டான், ஆளுக்கு 60 வோல்ட் போய் ரெண்டு மோட்டாரும் மெதுவா சுத்துது, தரையில தண்ணி அப்படியே நிக்குது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல, நான் போட்ட சொல் அப்படி. அதுலேர்ந்துதான் இதை இங்க கொண்டுவந்தேன்.

அடுக்குங்கற சொல் எங்கேருந்து வந்துச்சுன்னா, போர்வெல் மோட்டார் வாங்கப் போனா எத்தனை ஸ்டேஜ்னு கேப்பாங்கல்ல, ஆழம் கூடக் கூட ஸ்டேஜ் கூடணும். வேக்கம் மோட்டார்லயும் அதே கதைதான், ஒரே தண்டுல ரெண்டு விசிறி இருந்தா டூ ஸ்டேஜ், மூணு இருந்தா த்ரீ ஸ்டேஜ், ஒரு விசிறி தள்ளினத அடுத்த விசிறி வாங்கும். இதை ஈரடுக்கு, மூவடுக்குன்னு சொன்னா, ரெண்டு மூவடுக்கு மோட்டாரை காத்து வழியில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வைக்கிறது அடுக்கு மேல அடுக்கு, ஏறக்குறைய ஆறடுக்கு ஆகிடுது. விசிறிக்கும் மோட்டாருக்கும் ஒரே சொல் பொருந்துறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஏன்னா உள்ள நடக்கறதும் ஒரே விஷயம்தான். (இழுவை சரியா ரெட்டிப்பு ஆகாது. ரெண்டாவதுக்கு வர்றது ஏற்கனவே சூடான காத்து, நடுக்குழாய்லயும் கொஞ்சம் போயிடும்.)

பேரலலுக்கு பங்கிணைப்பு. வர்ற காத்தை ரெண்டு மோட்டாரும் பங்கு போட்டுக்குது. ஒரு கிணத்துல ரெண்டு மோட்டார் போட்டு ஒரே வாய்க்கால்ல விடுற மாதிரி, தண்ணி அதிகம் வரும், ஆனா ஏறுற உயரம் கூடாது. இதுல ஒண்ணு நின்னுபோச்சுன்னா, ஒருவழி மூடி இல்லாத மெஷின்ல, நின்ன மோட்டார் வழியா வெளிக்காத்து உள்ள வந்து மத்ததோட இழுவையையும் கெடுத்துடும். பங்குன்னு பேர் வச்சா இதையும் விளக்கிச் சொல்ல வசதியா இருக்கு.

> வாட்டர் லிஃப்டுக்கு நீரேற்றம் போதாதா?

எனக்கு ஒப்புதல் இல்ல. நீரேற்று நிலையம்னா எல்லாருக்கும் பம்ப் ஹவுஸ்தான் ஞாபகம் வரும், உடம்புல தண்ணிச்சத்து ஏத்தறதுக்கும் இப்ப நீரேற்றம்னுதான் எழுதறாங்க. வாட்டர் லிஃப்ட் ஒரு அளவு. மெஷின் உறிஞ்சுற வாயை அடைச்சு வச்சு இழுத்தா தண்ணி எத்தனை இஞ்ச் மேல ஏறுதுங்கற கணக்கு, 100 இஞ்ச்னா சுமார் இரண்டரை மீட்டர். எவ்வளவு பெரிய மோட்டாரா இருந்தாலும் கடல்மட்டத்துல 407 இஞ்ச் பக்கம் தாண்ட முடியாது, தண்ணியை மேல தள்ளுறது வெளிக்காத்தோட அழுத்தம்தான். கிணத்துக்குள்ள பாதியில திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைக்கிறாங்களே, அதுவும் இதே காரணத்துக்குத்தான். அதனால உறிஞ்சுயரம். சொல்லுக்குள்ளயே உயரம் இருக்கறதால இஞ்ச்ல சொன்னா யாரும் முழிக்க மாட்டாங்க.

இவ்வளவு நுணுக்கம் எதுக்குன்னு ஒருத்தர் தனிமடல்ல கேட்டிருந்தார். அமெரிக்கால சாதாரண வீட்டு சர்க்யூட் 15 ஆம்பியர், ப்ளக்ல மாட்டுற ஒரு சாதனத்துக்கு அதுல 80 சதவீதம், 12 ஆம்பியர்தான் கணக்கு. அதாவது 1440 வாட். பெரிய மோட்டார் ஒண்ணே அதுல பெரும்பகுதியை எடுத்துக்கும், தண்ணி அடிக்கிற பம்ப் வேற இருக்கு, 1750 வாட் ஹீட்டர் வச்சா அதுக்கு மட்டும் பதினாலரை ஆம்பியர். அதனாலதான் ரெண்டு கயிறு, மூணு கயிறு (ப்ளக்ல மாட்டுற கரண்ட் வயர்) வச்ச மெஷினெல்லாம் வருது, ஒண்ணை சமையலறையிலயும் இன்னொண்ணை பாத்ரூம்லயும் தனித்தனி சர்க்யூட் பாத்து மாட்டணும். மின்சாரத்தைக் கூட்ட முடியாத இடத்துல, இருக்கற ரெண்டு மோட்டாரை அடுக்கறதா பங்கு போடறதாங்கறதுதான் கையில மிச்சம் இருக்கற ஒரே முடிவு. தரையிலேர்ந்து உறிஞ்சுற குழாய் நீளமா ஒல்லியா இருந்தா உறிஞ்சுயரம் வேணும், அடுக்கிணைப்பு. குட்டையா அகலமா இருந்தா காத்தோட்டம் பேசும், பங்கிணைப்பு. அதுக்கும் முன்னாடி ஒன்றரை இஞ்ச் குழாயை ரெண்டு இஞ்சா மாத்தினாலே அதே காத்துக்கு உராய்வு இழப்பு நாலுல ஒரு பங்கா இறங்கிடும், இதை மச்சானுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மோட்டார் விலையைத்தான் முதல்ல பாக்கறார்.

இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பாடநூல்ல பேரலலுக்கு சமாந்தரம்னு வருது, அதைக் கரண்ட்டுக்கே விட்டுட்டு காத்துக்கு பங்கிணைப்புன்னா உங்க பக்கத்து மெக்கானிக்குக்குப் புரியுமா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாத்துட்டு குறிப்பைத் திருத்தி பையனுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் ‘காத்து வழியில மட்டும், வயர்ல கை வைக்காதே’ன்னு சிவப்பு மையில எழுதி மெஷின் மூடியில ஒட்டச் சொல்லியிருக்கேன்.