பேட் செக்டர் வந்த டிஸ்க்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பார்த்தவை

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கொலுசுப் பட்டறை ஒன்றின் பில்லிங் மெஷின். 1 டிபி டிஸ்க், டெபியன் லினக்ஸ், இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம். சாயங்கால இடிமழையில் கரன்ட் போய் வந்தபின் பேக்கப் பாதியிலேயே நின்றுவிட்டது. டிமெசேஜ், அதாவது கெர்னல் பதிவு, முழுக்க ஐ/ஓ எரர்: டிஸ்க்கின் ஏதோ ஒரு செக்டரை (டிஸ்க் பிரிந்திருக்கும் சின்னத் துண்டு) படிக்க முடியவில்லை, அதுதான் பேட் செக்டர். டிஸ்க்கின் உடல்நிலை எண்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் போட்டால் 197-ஆம் எண், அதாவது பென்டிங் (படிக்க முடியாமல் நிற்பவை), 8. 5-ஆம் எண், அதாவது ரீஅலொகேட்டட் (கெட்டதென்று ஒதுக்கி உதிரி செக்டருக்கு மாற்றியவை), 0. இந்த 8-ஐக் கண்டு பயப்பட வேண்டாம். டிஸ்க் உள்ளே 4096 பைட் செக்டராக எழுதி, வெளியே 512 பைட்டாகக் காட்டும். ஒன்று எட்டாகத் தெரியும், அதனால் கெட்டது ஒரே செக்டர்தான்.

தயவுசெய்து முதல் வேலையாக ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கில் எழுதும். ஹெட் தேய்ந்த டிஸ்க்காக இருந்தால் மிச்சம் இருப்பதும் போகும். முதலில் டிடிரெஸ்க்யூ, கெட்ட டிஸ்க்கைப் புது டிஸ்க்கில் நகலெடுக்கும் கருவி. முதல் சுற்றில் ‑டி, ‑என் கொடுங்கள்: நன்றாக இருக்கும் பகுதியை வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட இடத்தைச் சுரண்டாமல் தாண்டிப்போகும். இரண்டாம் சுற்றில் ‑என் எடுத்துவிட்டு ‑ஆர்3, அதாவது கெட்ட இடத்தை மூன்று முறை மறுபடி முயலும். எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு மூன்றாவது ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும்; நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல டிஸ்க் முதலில், புது டிஸ்க் அடுத்து. வரிசை மாறினால் எல்லாம் அழிந்துவிடும், இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

நகல் கைக்கு வந்தபிறகு செக்டர் கணக்கு. பழைய டிஸ்க்கில் ஸ்மார்ட்சிடிஎல்லின் லாங் டெஸ்ட் முடிந்ததும் முதல் பிழையின் எல்பிஏ, அதாவது 512 பைட் கணக்கில் செக்டர் எண், கிடைக்கும். 194570296 என்று வைத்துக்கொள்வோம், பார்ட்டிஷன் 2048-ல் தொடங்குகிறது. கழித்து 8-ஆல் வகுத்தால் 24321031. இதுதான் ஃபைல்சிஸ்டம் பிளாக் (ஒரு பிளாக் 4096 பைட்). இஎக்ஸ்டி4-இன் உள்ளே பார்க்கும் டீபக்எஃப்எஸ்ஸில் ஐசெக் கொடுத்தால் ஐநோட் (கோப்பின் உள் எண்), அதை என்செக்கில் கொடுத்தால் கோப்பின் பெயர். ஐசெக் எதுவும் காட்டாவிட்டால் அநேகமாக அது காலி இடம்.

பழைய டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு அந்த இடத்தில் டிடி கட்டளையால் பூஜ்யம் எழுதுங்கள்: பிளாக் அளவு 4096, எண்ணிக்கை 1, டைரக்ட். முழு டிஸ்க்கில் எழுதினால் சீக் 24321287, பார்ட்டிஷனில் எழுதினால் 24321031. இந்த 256 வித்தியாசத்தை மறந்தால் நல்ல கோப்பு ஒன்று போய்விடும். செக்டரை எழுதும் இன்னொரு கருவியான எச்டிபார்ம் 512 பைட் மட்டும் எழுதும். 4096 செக்டரில் மீதி 3584 பைட்டைப் படிக்க முடியாததால் பெரும்பாலும் தோற்கும். அதனால்தான் டிடி.

எழுதியபின் 197 பூஜ்யமாகி, 5 ஏறாமல் இருந்தால் தட்டுக்குச் சேதம் இல்லை: எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனதில் இசிசி (பிழை திருத்தும் குறியீடு) பொருந்தாமல் நின்ற செக்டர் அது. யுபிஎஸ் வாங்கினால் போதும். 5-ம் ஏறி, அடுத்த வாரம் இன்னும் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அம்மாப்பேட்டை அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் அதற்கு முன் ஸ்மார்ட்சிடிஎல்லில் 199-ஆம் எண்ணைப் பாருங்கள். காபி எஸ்டேட் ஆபீஸ் ஒன்றின் ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் பேட் செக்டர் என்று டிஸ்க்கையே கழற்றி வைத்திருந்தார்கள். 197 பூஜ்யம், 199 மட்டும் ஏறியிருந்தது. அது சிஆர்சி பிழை, அதாவது வழியில் தகவல் சிதைவது; கோளாறு டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிள் மாற்றியதும் நின்றது. பழைய எண் இறங்காது, மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

டிஸ்க்கைச் சேலத்துக்கு இறக்கும்போது ஆன்டிஸ்டேடிக் கவரில் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்சு வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. குளிர்காலக் காலையில் இறக்கினால், கீழே வந்ததும் கவரைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும், அதோடு பவர் கொடுத்தால் போர்டு போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ரெய்டில் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக்கிய அமைப்பு) இருக்கும் டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு ஒன்று. ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி இஆர்சி, அதாவது கெட்ட செக்டரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்பதை, 70,70 வையுங்கள், 7 வினாடி. டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கெர்னல் டைம்அவுட்டை 30 வினாடியிலிருந்து 180 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து கழன்றுவிடும். மெஷினை அணைத்துப் போட்டால் இரண்டுமே அழிந்துபோகும், ஸ்டார்ட்அப் ஸ்க்ரிப்டில் போட்டுவிடுங்கள்.